கைக்கு எட்டாத துப்பாக்கி: ஸ்பிட்ஃபயர் இறக்கைக்குள் இருந்த பிரவுனிங்

1940-இல் பிரிட்டன் வானில் சண்டையிட்ட ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா. ஒரு துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 1,150 தோட்டா சுடும். வகுத்துப் பாருங்கள்: விமானி பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் இருந்தால் 16 வினாடிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர் ஓட்டுவது வெறும் வேகமான விமானம்தான். சினிமாவில் பாட்டு நீளத்துக்குத் தடதடவென்று சுட்டுக்கொண்டே இருப்பார்கள். நிஜத்தில் அப்படிச் சுட அந்த இறக்கைக்குள் இடமும் கிடையாது, எடை தாங்கும் சக்தியும் கிடையாது.

அந்த எட்டும் .303 பிரவுனிங். இந்தக் கட்டுரை அந்தத் துப்பாக்கியைப் பற்றியது. அது எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன நடக்கிறது, ஏன் எட்டு வேண்டியிருந்தது என்பதையெல்லாம் ராணுவப் பின்னணி இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தரையில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் சிப்பாய் கையை வைத்துச் சரிசெய்யலாம். இறக்கைக்குள் இருக்கும் துப்பாக்கியை விமானியால் தொடக்கூட முடியாது. பிரவுனிங்கில் செய்த மாற்றங்களில் பல இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

முன்பு துப்பாக்கி மூக்கருகே இருந்தது

முதல் உலகப் போரில் போர் விமானத்தின் துப்பாக்கி விமானிக்கு நேர் எதிரே, என்ஜினுக்கு மேலே இருந்தது. குறி பார்ப்பதற்கு அதுதான் வசதி. ஆனால் எதிரே காற்றாடி சுழல்கிறது. பிரெஞ்சு விமானி ரோலண்ட் கரோ 1915 ஏப்ரலில் காற்றாடியின் இதழ்களில் எஃகு ஆப்புகளைப் பொருத்திக்கொண்டு சுட்டார். இதழில் படும் குண்டுகள் சறுக்கி விலகிப் போகும், மற்றவை இடையில் நுழைந்து போகும். முரட்டு வழிதான், ஆனாலும் அந்த மாதம் ஜெர்மானிய விமானங்களை அவர் வீழ்த்தினார். சில வாரங்களிலேயே ஜெர்மானியர் பக்கம் இறங்க நேர்ந்து, விமானத்தோடு பிடிபட்டார். அதே ஆண்டு, ஜெர்மனிக்கு விமானம் செய்துகொடுத்த ஃபாக்கரின் ஆட்கள் முறையான தீர்வோடு வந்தார்கள். காற்றாடி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் துப்பாக்கியைச் சுட வைக்கும் இணைப்பு அது. இதழ் குழலுக்கு எதிரே வராத கணத்தில் மட்டும் தோட்டா வெடிக்கும்.

அப்போது பிரிட்டன் நம்பியிருந்தது விக்கர்ஸ் துப்பாக்கியை. நல்ல துப்பாக்கிதான், ஆனால் அடிக்கடி சிக்கும். விமானி கையுறையோடு எட்டி அதன் கைப்பிடியை இழுத்துவிடுவார். அதற்கும் மசியாவிட்டால் தட்டுவதற்கென்றே சிலர் காக்பிட்டில் சிறு சுத்தியல் வைத்திருந்தார்கள். மூக்கருகே துப்பாக்கியை வைத்ததில் இது ஒரு மறைமுக லாபம். மக்கர் பண்ணினால் தட்டிக் கொடுக்கலாம்.

1930-களில் நிலைமை மாறியது. விமானங்கள் இரு தட்டு இறக்கைகளை விட்டு ஒற்றை இறக்கைக்கு மாறின, வேகம் கூடியது. காற்றாடியின் ஊடே சுடுவதென்றால் அதன் சுழற்சிக்குக் காத்திருந்தே சுட வேண்டும், அதனால் சுடும் வேகம் குறையும். மூக்கில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க இடமும் இல்லை. காற்றாடி வட்டத்துக்கு வெளியே இறக்கைக்குள் வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் தீரும். ஆனால் அங்கே சுத்தியல் எட்டாது.

இரண்டு வினாடிக் கணக்கு

விமான அமைச்சகத்தில் இருந்த ரால்ஃப் சார்லி என்ற அதிகாரியின் வாதம் எளிமையானது. இனி வரப்போகும் விமானங்களின் வேகத்தில், எதிரி குறிக்குள் நிற்பது ஏறத்தாழ இரண்டு வினாடிதான். அந்த இரண்டு வினாடிக்குள் ஒரு குண்டுவீச்சு விமானத்தைச் சிதைக்க எத்தனை குண்டு அடிக்க வேண்டும், அதற்கு எத்தனை துப்பாக்கி வேண்டும்? அவர் பழைய விமானம் ஒன்றை 400 கெஜ தூரத்தில் நிறுத்திச் சுடவைத்துப் பார்த்தார். விடை எட்டு என்று வந்தது. அந்நாளைய விமானங்களில் இரண்டு அல்லது நான்குதான் வழக்கம். எட்டு என்றதும் பல மூத்த அதிகாரிகள் அதை அதிகப்படி என்றார்கள்.

இதே கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து போட்டவர் ஆயுதச் சோதனைகளைக் கவனித்த கேப்டன் ஃபிரெட் ஹில். சுடும் வேகம், பரவல், தூரம் என்று தாள் தாளாக எண்கள் குவிந்தன. அவற்றைக் கூட்டிக் கழித்து வரைபடமாக்க அவருக்கு உதவியது அவருடைய 13 வயது மகள் ஹேஸல். கணக்கில் கெட்டிக்காரப் பெண். வீட்டு மேசையில் அப்பாவும் மகளுமாகப் போட்ட அந்தக் கணக்கை 1934 ஜூலையில் ஹில் அமைச்சகத்தில் எடுத்து வைத்தார்: நிமிடத்துக்கு 1,000 தோட்டாவாவது சுடக்கூடிய துப்பாக்கி, அதுவும் எட்டு. ஹேஸல் பின்னாளில் மருத்துவர் ஆனார். அவருடைய பங்கு பரவலாகத் தெரியவந்தது 2020 வாக்கில்தான். இதுபோன்ற கதைகள் ஊதிப் பெரிதாக்கப்படுவது உண்டு. எட்டுத் துப்பாக்கி முடிவுக்கு அந்தச் சிறுமி மட்டுமே காரணம் என்று எழுதுவது சரியில்லை. ஆனால் அந்த எண்கள் அவள் கைபட்டே அமைச்சகம் போயின என்பது நிஜம்.

1935 நவம்பரில் ஹரிகேன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமும் 1936 மார்ச்சில் ஸ்பிட்ஃபயரும் முதன்முதலாகப் பறந்தன. ஸ்பிட்ஃபயரை முதலில் நான்கு துப்பாக்கிக்குத்தான் திட்டமிட்டிருந்தார்கள். வடிவமைப்பாளர் மிட்செல் அந்த மெல்லிய நீள்வட்ட இறக்கையில் எட்டுக்கு இடம் கண்டுபிடித்தார். அதனால்தான் அதன் துப்பாக்கிகள் இறக்கை நெடுகச் சிதறி இருக்கும். தடித்த இறக்கை கொண்ட ஹரிகேனிலோ பக்கத்துக்கு நான்காக ஒரே கொத்தாக இருக்கும்.

அமெரிக்கத் துப்பாக்கி, பிரிட்டிஷ் தோட்டா

எட்டு என்று முடிவானது, ஆனால் எந்தத் துப்பாக்கி? 1934-இல் பல துப்பாக்கிகளைப் போட்டியிட வைத்துச் சோதித்ததில் ஜெயித்தது அமெரிக்கக் கோல்ட் நிறுவனம் தயாரித்த பிரவுனிங். ஜான் மோசஸ் பிரவுனிங் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊர்க்காரர். துப்பாக்கிப் பட்டறைக் குடும்பம். தானியங்கித் துப்பாக்கிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பல யோசனைகள் அவர் தலையில் உதித்தவை. 1926-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோதே இறந்தார். தன் துப்பாக்கி ஸ்பிட்ஃபயரில் ஏறியதை அவர் பார்க்கவில்லை.

1935-இல் பிரிட்டன் உரிமம் வாங்கி, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது. அப்படியே அச்சு மாறாமல் செய்ய முடியவில்லை. காரணம் தோட்டா. அமெரிக்கத் தோட்டாவின் அடிப்பகுதி கூட்டின் அகலத்திலேயே நின்றுவிடும். பிரிட்டிஷ் .303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இது நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் பல தலைமுறையாகத் தோளில் சுமந்த 'த்ரீ நாட் த்ரீ' ரைபிளின் அதே தோட்டாதான். குழலின் உள்விட்டம் 7.7 மில்லிமீட்டர், குண்டின் எடை 11 கிராமுக்குச் சற்று மேல். முதல் போரில் மிஞ்சிய கையிருப்பும், அதைத் தயாரிக்கும் ஆலைகளும் ஏராளமாக இருந்தன. சிக்கனம் பார்க்கும் கஜானா புதுத் தோட்டாவுக்குப் பணம் தருமா? ஆகவே துப்பாக்கியைத்தான் தோட்டாவுக்கேற்ப மாற்றினார்கள். இந்தச் சிக்கனத்துக்குப் பிற்பாடு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

வினாடிக்குப் பத்தொன்பது முறை

இப்போது உள்ளே போவோம். தோட்டா என்று நான் சொல்வது முழுப் பொருளை: பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு, அடியில் அடித்தால் பொறி விடும் கேப். சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டும். கூடு துப்பாக்கிக்குள்ளேயே நின்றுவிடும். அதை வெளியே எடுத்துப்போட்டு அடுத்த தோட்டாவை உள்ளே வைப்பதுதான் தானியங்கித் துப்பாக்கியின் முழு வேலை. அதைச் செய்வதற்கான சக்தியைச் சுட்டபோது ஏற்படும் பின்னுதைப்பிலிருந்தே பிரவுனிங் எடுத்துக்கொண்டார்.

முக்கியமான உறுப்புகள் நான்கு. முன்னே குழல். அதன் பின்வாயை அடைக்கும் கனமான எஃகுக் கட்டை, அதாவது போல்ட். இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் ஆப்பு. போல்ட்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங்.

போல்ட் முன்னே பாய்ந்து, தோட்டாவைக் குழலின் பின்வாய்க்குள் தள்ளுகிறது. கடைசிக் கணத்தில் கீழிருந்து ஆப்பு ஏறி, போல்ட்டும் குழலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. ஊசி கேப்பில் குத்துகிறது. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 3,000 மடங்காக எகிறுகிறது. இந்த நேரத்தில் போல்ட் திறந்துவிட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும், பூட்டு இருப்பது அதற்காகத்தான். ஒன்றிரண்டு மில்லி வினாடிக்குள் குண்டு குழலை விட்டு வெளியேறுகிறது, அழுத்தம் சரிகிறது. இதற்குள் குழலும் போல்ட்டும் பூட்டியபடியே கொஞ்ச தூரம் பின்னுக்கு வந்திருக்கும். அங்கே ஒரு சரிவில் பட்டு ஆப்பு கீழே இறங்க, பூட்டு திறக்கிறது. குழல் அதோடு நின்றுவிடும்.

இங்கேதான் பிரவுனிங்கின் கைவண்ணம். நின்றுபோகும் குழலிடம் இன்னும் வேகம் மிச்சம் இருக்கிறதல்லவா? அதை வீணாக்காமல், வளைந்த ஒரு சிறு நெம்புகோல் வாங்கி, போல்ட்டைப் பின்னுக்கு உதைக்கிறது. போல்ட் இன்னும் வேகமாகப் பின்னுக்குப் பறக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஆக்சிலரேட்டர் என்று பெயர். நகம் போல வளைந்த இந்தத் துண்டு இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆயிரத்தை எட்டுவது கஷ்டம்.

பின்னே போகும் போல்ட் ஒரே நேரத்தில் மூன்று காரியம் பார்க்கிறது. அதன் முகத்தில் இருக்கும் பள்ளத்தில் காலிக் கூட்டின் விளிம்பு மாட்டியிருப்பதால், கூட்டைக் குழலிலிருந்து உருவி எடுக்கிறது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி, பெல்ட்டில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவைப் பின்பக்கமாக இழுத்து எடுக்கிறது. போல்ட்டின் முதுகில் வெட்டிய கோணல் பள்ளத்தில் ஓடும் ஒரு நெம்புகோல் பெல்ட்டை ஒரு படி நகர்த்துகிறது. இழுத்து வந்த புதுத் தோட்டா கீழே இறங்கும்போது, அதே பள்ளத்தில் இருக்கும் காலிக் கூட்டை நெட்டித் தள்ளிவிடுகிறது. கூடு கீழே விழுந்துவிடும். ஸ்பிரிங் மறுபடி போல்ட்டை முன்னே வீசும். இத்தனையும் ஒரு வினாடியில் 19 முறை. ஒரு சுற்றுக்கு 52 மில்லி வினாடி.

பெல்ட் என்றால் துணி அல்ல. சிறு சிறு எஃகு வளையங்கள், தோட்டாக்களே அவற்றைக் கோக்கும் ஆணிகள். தோட்டாவை உருவியதும் வளையம் தனியே கழன்றுவிடும். காலிக் கூடுகளும் வளையங்களும் இறக்கையின் அடியில் உள்ள துளைகள் வழியே கொட்டிவிடும். 1940 கோடையில் கெண்ட், சஸ்ஸெக்ஸ் வயல்களில் பித்தளைக் கூடு பொறுக்காத பையன்கள் குறைவு.

ஆலைச் சேமியாவும் சூடான குழலும்

.303 தோட்டாவில் இருந்த வெடிமருந்தின் பெயர் கார்டைட். கூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தூள் இருக்காது, சேமியா போல நீள நீளக் குச்சிகள் இருக்கும். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்ந்த பொருள். நீலகிரியில் குன்னூர் பக்கம் அருவங்காட்டுக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல, அங்கே 1904-இலிருந்து ஒரு கார்டைட் ஃபேக்டரி இயங்கி வருகிறது.

கார்டைட்டுக்கு ஒரு கெட்ட குணம்: சூடு தாங்காது. அமெரிக்க வெடிமருந்து அந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுமையானது. பிரவுனிங் வடிவமைத்த துப்பாக்கியில், சுடுவதை நிறுத்தினாலும் அடுத்த தோட்டா குழலுக்குள்ளேயே தயாராக உட்கார்ந்திருக்கும். நூறு நூற்றைம்பது தோட்டா சுட்டுக் கொதிக்கும் குழலுக்குள் கார்டைட் தோட்டாவை அப்படி விட்டுவைத்தால், யாரும் பொத்தானைத் தொடாமலே அது தானாக வெடித்துவிடும். தளத்துக்குத் திரும்பி, தரையில் ஆட்கள் சுற்றி நிற்கும்போது வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் இதற்குச் செய்தது: பொத்தானை விட்டதும் போல்ட் முன்னே போகாமல் பின்னாலேயே கொக்கியில் மாட்டி நின்றுவிடும்படி மாற்றினார்கள். குழல் காலி, இரு பக்கமும் திறப்பு, காற்று ஊடே போய்க் குளிர்விக்கும். அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போதுதான் போல்ட் தோட்டாவை எடுத்துக்கொண்டு முன்னே பாயும். சிறிய மாற்றம்தான். என்னைக் கேட்டால், அமெரிக்கப் பிரவுனிங்கை பிரிட்டிஷ் பிரவுனிங் ஆக்கியது தோட்டாவின் அளவைவிட இந்த மாற்றம்தான்.

சூட்டுப் பிரச்சினையைத் தீர்த்ததும் குளிர்ப் பிரச்சினை வந்தது. 30,000 அடி உயரத்தில் வெளிக் காற்று ஏறத்தாழ மைனஸ் 45 டிகிரி. துப்பாக்கிக்குள் இருக்கும் ஈரம் உறையும், எண்ணெய் பிசுக்காகும், போல்ட் நகராது. ஸ்பிட்ஃபயரின் ஆரம்பகாலச் சோதனைகளில் உயரத்தில் துப்பாக்கிகள் வேலைநிறுத்தமே செய்தன. துப்பாக்கி சுடாவிட்டால் இவ்வளவு செலவழித்துச் செய்த விமானத்தால் பயன் இல்லை என்று விமானப் படைத் தலைமையே எரிச்சலோடு எழுதும் அளவுக்குப் போனது. கடைசியில், என்ஜினைக் குளிர்வித்துவிட்டு ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் சூடான காற்றைக் குழாய் வழியே இறக்கைக்குள் திருப்பி, துப்பாக்கிகளுக்குக் கணப்பு மூட்டினார்கள்.

அந்தச் சூடு வெளியே போய்விடாமலும், குளிர்காற்றும் தூசியும் உள்ளே வராமலும் இருக்க, குழல் வாய்க்கு முன்னால் உள்ள துளைகளைத் துணி ஒட்டி மூடினார்கள். மேலே சிவப்புப் பூச்சு. 1940-இன் ஸ்பிட்ஃபயர் படங்களில் இறக்கையின் முன்விளிம்பில் சிவப்புச் சதுரங்களாகத் தெரிவது இதுதான். முதல் குண்டே துணியைக் கிழித்துக்கொண்டு போய்விடும், சுடுவதற்கு அது தடையே இல்லை. இதில் எதிர்பாராத வசதி ஒன்றும் கிடைத்தது. திரும்பி வரும் விமானத்தில் துணி கிழிந்திருந்தால் சண்டை நடந்திருக்கிறது என்று தரையில் நிற்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பார்க்க வேண்டியதுகூட இல்லை, திறந்த துளைகளில் காற்று புகுந்து எழுப்பும் விசில் சத்தம் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டைவிரலுக்குக் கீழே

ஸ்பிட்ஃபயரின் கட்டுப்பாட்டுக் கம்பியின் உச்சியில் வட்டக் கைப்பிடி இருக்கும். அதில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான், அதைச் சுற்றி ஒரு வளையம். வளையத்தைப் பாதுகாப்பு நிலையிலிருந்து சுடும் நிலைக்குத் திருப்பினால்தான் பொத்தான் அழுங்கும். அழுத்தினால் மின்சாரம் போவதில்லை. அழுத்தப்பட்ட காற்று குழாய் வழியே எட்டுத் துப்பாக்கிக்கும் போய், போல்ட்டைப் பிடித்திருக்கும் கொக்கிகளை விடுவிக்கும். தரையிறங்கும்போது பிரேக் பிடிப்பதற்கும், இறக்கைத் தட்டுகளை இறக்குவதற்கும் அதே காற்றுதான்.

குறி பார்க்க எதிரே சாய்ந்த கண்ணாடி. அதில் ஒளியாலான வட்டமும் இரு கோடுகளும் மிதக்கும். எதிரி விமானத்தின் இறக்கை நீளத்தை முன்கூட்டியே திருகி வைத்துக்கொண்டால், கோடுகளுக்கு நடுவே அந்த இறக்கை சரியாக நிரம்பும்போது வேண்டிய தூரம் வந்துவிட்டது என்று பொருள்.

அந்தத் தூரம் எவ்வளவு? துப்பாக்கிகள் இறக்கையில் விரிந்து இருப்பதால் அவற்றைச் சற்றே உள்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். போர் தொடங்கியபோது 400 கெஜத்தைக் கணக்கில் வைத்து, குண்டுகள் விரிந்து விழும்படி அமைத்தார்கள். சராசரி விமானிக்குக் குறி தப்பும், விரித்துப் போட்டால் நாலு குண்டாவது படும் என்ற நினைப்பு. பட்டது உண்மைதான், ஆனால் விழ வைக்கும் அளவுக்குப் படவில்லை. அனுபவசாலிகள் 250 கெஜத்தில் எல்லாக் குண்டும் ஒரே புள்ளியில் கூடும்படி மாற்றச் சொன்னார்கள். அவர்களில் பெயர்பெற்றவர் 74-ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் படைப் பிரிவின்) மாலன், தென்னாப்பிரிக்கர், முன்னாள் கப்பல்காரர் என்பதால் 'செய்லர்' என்று அழைக்கப்பட்டவர். கிட்டே போகும்வரை சுடாதே, சுட்டால் ஒன்றிரண்டு வினாடிக்கு மேல் சுடாதே என்பது அவர் இளம் விமானிகளுக்கு எழுதிவைத்த விதிகளில் முதலாவது. நம் இரண்டு வினாடிக் கணக்கு திரும்பவும் இங்கே வந்து நிற்கிறது. அந்த இரண்டு வினாடியில் எட்டுத் துப்பாக்கியும் சேர்ந்து சுமார் 300 குண்டு, மூன்றரை கிலோ உலோகம்.

சுட்டால் விமானம் நின்றுபோனது போல வேகம் குறையும் என்று பல நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. கணக்குப் போட்டால் அவ்வளவு வரவில்லை: சுமார் 2,800 கிலோ எடையுள்ள விமானம் இரண்டு வினாடி சுட்டால் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் குறையலாம். அதிர்வும் சத்தமும் கார்டைட் நெடியும் அதைப் பெரிதாக உணர வைத்திருக்கும். ஆனால் ஒரு பக்க இறக்கையில் மட்டும் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டால், விமானத்தின் மூக்கு மறுபக்கம் திரும்பிக் குறி கலைவது நிஜமான தொல்லை.

தோட்டாக்களிலும் வகை உண்டு. சாதாரணக் குண்டு, கவசம் துளைக்கும் எஃகு உள்ளீட்டுக் குண்டு, புகைக் கோடு விட்டுப் பறக்கும் குண்டு, தீ மூட்டும் குண்டு என்று கலந்து போடுவார்கள். தீ மூட்டும் வகையில் புதிதாக வந்த டி வில்ட் குண்டை விமானிகள் கொண்டாடினார்கள். பட்ட இடத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் வெளிச்சம் காட்டும். மற்றக் குண்டுகள் பட்டனவா இல்லையா என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு, குறி சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இதையெல்லாம் தயார் நிலையில் வைத்தவர்கள் ஆயுதப் பிரிவு ஆட்கள். விமானப் படையில் அவர்களுக்குச் செல்லப் பெயர் பிளம்பர். விமானம் இறங்கியதும் இறக்கைக்கு அடியில் புகுந்து, தகடுகளைக் கழற்றி, காலிப் பெட்டிகளை எடுத்து நிரம்பியவற்றைச் செருகி, குழல்களைத் துடைத்து, புதுத் துணி ஒட்டுவார்கள். கொத்தாக இருக்கும் ஹரிகேனில் இந்த வேலை சீக்கிரம் முடியும். சிதறிக் கிடக்கும் ஸ்பிட்ஃபயரில் நேரம் பிடிக்கும், கைவிரல் தோலும் போகும்.

மெட்ராஸ் பேரில் மூன்று ஸ்குவாட்ரன்

பிரிட்டிஷ் விமானப் படையில் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயருக்குப் பின்னால் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று சேர்த்திருந்தார்கள். விமானங்கள் வாங்க மெட்ராஸ் மாகாணம் அனுப்பிய பணத்துக்கான மரியாதை அது. 79 ஹரிகேன் ஓட்டியது, 234 ஸ்பிட்ஃபயர். மூன்றும் சுட்டது இதே பிரவுனிங்கைக் கொண்டுதான்.

264-இன் கதை தனி. அது ஓட்டிய டிஃபையண்ட் விமானத்தில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கோபுரத்தில் நான்கு பிரவுனிங், அவற்றைச் சுட ஒரு தனி ஆள். 1940 மே மாதம் பிரான்சின் டன்கர்க்கில், அதை ஹரிகேன் என்று நினைத்துப் பின்பக்கமாக வந்த ஜெர்மானியர்கள் நான்கு குழலுக்கு நேரே வந்து மாட்டினார்கள். மே 29 அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக ஸ்குவாட்ரன் சொன்னது. அது மிகைக் கணக்கு என்பது பிறகு தெரிந்தது. எதிரிக்கு விஷயம் புரிய நாளாகவில்லை. அடியிலிருந்தோ நேர் எதிரிலிருந்தோ வந்தால் டிஃபையண்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகஸ்ட் 24 அன்று ஸ்குவாட்ரன் தலைவர் ஃபிலிப் ஹன்டர் கொல்லப்பட்டார். அந்த மாத முடிவில் டிஃபையண்டைப் பகல் சண்டையிலிருந்தே விலக்கி, இரவு வேலைக்கு அனுப்பினார்கள். நல்ல துப்பாக்கி நான்கு இருந்தும், அவை எந்தப் பக்கம் பார்த்தன என்பது அந்த விமானத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

இலங்கைக்கும் இந்தத் துப்பாக்கி வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ரத்மலானையிலிருந்தும் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலிருந்தும் ஹரிகேன்கள் எழுந்தன. நான்கு நாள் கழித்து திருகோணமலையில் சீனன்குடா தளத்திலிருந்து. இழப்பு கடுமையாக இருந்தது. ஆனால் அதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது. அப்போதைய ஜப்பானிய விமானங்களில் கவசமும், ஓட்டையைத் தானே அடைக்கும் எரிபொருள் தொட்டியும் கிடையாது. அவற்றுக்கு .303 போதும். எண்ணிக்கையும், ஏறி உயரம் பிடிக்க நேரம் இல்லாததும்தான் ஹரிகேன்களைக் கவிழ்த்தன.

போதாமல் போனது

ஜெர்மானிய விமானங்களிடம் கதை வேறு. 1940-இலேயே அவர்கள் விமானிக்குப் பின்னால் எஃகுத் தகடு வைத்தார்கள். எரிபொருள் தொட்டிகளுக்கு ரப்பர் உறை போட்டார்கள். குண்டு துளைத்தால் கசியும் பெட்ரோல் பட்டு அந்த ரப்பர் உப்பி, ஓட்டையை அடைத்துவிடும். 11 கிராம் குண்டு துளை போடும், ஆனால் கிழிக்காது. இருநூறு துளையோடும் சில ஹைன்கல் குண்டுவீச்சு விமானங்கள் வீடு போய்ச் சேர்ந்தன. ரைபிள் தோட்டாவில் மிச்சம் பிடித்த காசுக்கு வட்டி கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாற்று கையில் இருந்தது: 20 மில்லிமீட்டர் ஹிஸ்பானோ பீரங்கி. அதன் குண்டு உள்ளே போய் வெடிக்கும். 1940 கோடையில் 19-ஆம் ஸ்குவாட்ரனுக்கு அதைப் பொருத்திய ஸ்பிட்ஃபயர்களைக் கொடுத்தார்கள். மெல்லிய இறக்கைக்குள் அடக்க அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்திருந்தார்கள், காலிக் கூடு சரியாக வெளியேறாமல் சிக்கிக்கொண்டே இருந்தது. வெறுத்துப்போன விமானிகள் பழைய எட்டு பிரவுனிங் விமானங்களையே திருப்பித் தரும்படி கேட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் வாங்கியும் கொண்டார்கள். சிக்காமல் சுடும் சின்னத் துப்பாக்கியா, சிக்கிக்கொள்ளும் பெரிய துப்பாக்கியா என்றால், உயிரைப் பணயம் வைத்தவர்கள் முதலாவதைத்தான் எடுத்தார்கள்.

கோளாறுகளைச் சரிசெய்ததும் நிலைமை மாறியது. ஸ்பிட்ஃபயர் 5-இல் பரவலான அமைப்பு இரண்டு பீரங்கி, நான்கு பிரவுனிங். ஹரிகேனில் ஒரு வகைக்குப் பன்னிரண்டு பிரவுனிங் வைத்துப் பார்த்தார்கள், அடுத்த வகைக்கு நான்கு பீரங்கி வைத்தார்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தது அதோடு முடிந்தது.

குண்டுவீச்சு விமானங்களில் .303 நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. லங்காஸ்டரின் வால் கோபுரத்தில் நான்கு, முதுகில் இரண்டு, மூக்கில் இரண்டு. வாலில் இருந்தவருக்கு உடலின் நடுப்பகுதியிலிருந்து தடம் வழியே பெல்ட்கள் ஊர்ந்து வரும். ஆனால் இரவில் வரும் ஜெர்மானிய விமானம் பீரங்கியோடு, பிரவுனிங் வலுவிழக்கும் தூரத்திலிருந்தே சுட முடிந்தது. 1943-இலிருந்து அவர்கள் மேல்நோக்கிச் சாய்த்த பீரங்கிகளோடு அடியிலிருந்து வந்தார்கள். பெரும்பாலான லங்காஸ்டர்களில் அந்தத் திசையைப் பார்க்கத் துப்பாக்கியே இல்லை. 1944-இல் சில விமானங்களின் வாலில் நான்கை எடுத்துவிட்டு இரண்டு பெரிய, .50 அங்குலப் பிரவுனிங்குகளை வைத்தார்கள். 1945 ஜனவரியில் படைக்கு வந்த ஸ்பிட்ஃபயர் 21-இன் இறக்கையில் நான்கு பீரங்கி மட்டும். .303-க்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.